கடைமடைச் சேற்றில் நுண்பிளாஸ்டிக்: கொள்ளிடம் வாயிலிருந்து முத்துப்பேட்டை வரை ஒரு நிகழ்வு ஆய்வு

காவிரி கடலில் கலக்கும் இடம் பூம்புகார் என்று பள்ளியில் படித்திருப்போம். கோடையில் அங்கே போய்ப் பார்த்தால் ஆற்றின் வாயை மணல் திட்டு அடைத்திருக்கும். உள்ளே குட்டைபோலத் தேங்கிய தண்ணீர். பெருவெள்ளம் கடலுக்குப் போவது அந்த வழியாக இல்லை. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம்தான் அதைச் சுமந்துகொண்டு வடக்கே பழையாறு பக்கம் போய்க் கொட்டுகிறது. மீதித் தண்ணீர் வயலுக்கும் வாய்க்காலுக்குமாகப் பிரிந்து, வடிந்து, அரசலாறாகக் காரைக்காலிலும், வெட்டாறாக நாகூரிலும், கடுவையாறாக நாகப்பட்டினத்திலும், கோரையாறு, பாமணியாறு என்ற பெயர்களில் முத்துப்பேட்டைக் கழியிலும் சேர்கிறது. ஒரே ஆற்றுக்கு இத்தனை வாய்.

நுண்பிளாஸ்டிக் பற்றிய பேச்சை இங்கிருந்து தொடங்கக் காரணம் உண்டு. 'ஒரு கிலோ மணலில் இத்தனை துகள்' என்று ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு நகர்வதே இந்தத் துறையின் வழக்கமாகிவிட்டது. காவிரி டெல்டாவில் அப்படி எடுத்த சராசரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்த வாய்க்குப் பக்கத்தில் எடுத்த மண், எந்த மாதத்தில் எடுத்தது, மணலா சேறா என்ற மூன்றும் தெரியாவிட்டால் அந்த எண் வெறும் எண்தான். கொள்ளிடத்தின் வாயிலிருந்து கோடியக்கரை வரையும், அங்கிருந்து மேற்கே முத்துப்பேட்டை வரையும் உள்ள கரையை ஒரே நிகழ்வாக எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, அதை எப்படி அளந்தால் உண்மை தெரியும் என்பதைப் பார்க்கலாம்.

அடிப்படையை ஒரு வரியில் முடித்துவிடுவோம். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துகள் எல்லாம் நுண்பிளாஸ்டிக். ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் 2004இல் வெளியிட்ட சிறு கட்டுரைக்குப் பிறகே இந்தப் பெயர் பரவலாயிற்று.

கரை வளையும் இடம்

கொள்ளிடத்திலிருந்து கோடியக்கரை வரை கரை ஏறத்தாழ நேராகத் தெற்கே இறங்குகிறது. முகம் முழுக்க வங்கக் கடலுக்கு. அலை நேரடியாக மோதுகிறது. அதனால் கரை மணற்கரை. கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. அதற்கப்பால் பாக் நீரிணை. இலங்கை மறைப்பதால் அலையின் வேகம் அங்கே அடங்கிவிடும். ஆழமும் குறைவு. ஆகவே முத்துப்பேட்டைப் பக்கம் சேறு, அலையாத்திக் காடு, ஆழமில்லாத கழி.

இந்த வளைவுதான் கதையின் பாதி. அலை அடிக்கும் மணற்கரையில் லேசான துகள் நிலையாகத் தங்குவதில்லை. இன்று ஒதுங்கியதை நாளைய அலை எடுத்துப் போகும், இல்லையென்றால் காற்று மேட்டுமணலுக்குத் தள்ளும். அலை ஏறி நிற்கும் கோட்டில் கிடக்கும் குப்பை வரியும், அதற்குப் பின்னால் அடும்புக்கொடி படர்ந்த மேடும்தான் மணற்கரையில் ஓரளவு சேமிப்பு. சேற்றுக்கரை அப்படியல்ல. நன்னீரும் உப்பு நீரும் சந்திக்கும் இடத்தில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. கூடவே மிதந்து வரும் நுண்பிளாஸ்டிக்கும் அந்தத் திரளில் சிக்கிக் கீழே இறங்கும். தண்ணீரைவிட லேசான பாலிஎத்திலீன்கூட மேலே பாசி படிந்து கனத்ததும் அடியில் போய்ப் படியும். வெண்கண்டல் மரத்தின் சுவாச வேர்கள் சேற்றுக்கு மேலே ஈட்டி நட்டாற்போல் நிற்கும் இடத்தில் நீரோட்டம் இன்னும் மெதுவாகிறது. உள்ளே வந்தது வெளியே போவது கடினம்.

ஆனாலும் கடற்கரைத் தூய்மைப் பணியும் படம் எடுப்பதும் வேளாங்கண்ணி, தரங்கம்பாடி மணலில்தான் நடக்கின்றன. சேற்றில் யார் இறங்குவது?

இரண்டு வெள்ளம், இரண்டு நீரோட்டம்

டெல்டாவின் கடலோரத்துக்கு ஆண்டில் இரண்டு முறை ஆற்று நீர் மொத்தமாக வருகிறது. இரண்டும் வேறு வேறு ஊரின் குப்பையைச் சுமக்கின்றன.

முதலாவது ஆடி, ஆவணியில். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்து, மேட்டூர் நிரம்பி வழியும் ஆண்டுகளில் உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும். 2018லும் 2022லும் அப்படித்தான் கொள்ளிடம் கரை புரண்டது. இந்த வெள்ளத்தில் வருவது மேற்கு மாவட்டங்களின் சொத்து: பவானி, ஈரோடு, பள்ளிபாளையம் கரையோரக் கழிவு, நொய்யல் வழியே வரும் திருப்பூர்ப் பின்னலாடை இழை, கரூரில் கொசுவலை நெய்யும் பாலிஎத்திலீன் நூல், பிறகு திருச்சியின் நகரக் குப்பை. அதோடு இன்னொன்றும் உண்டு. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் உடைந்தபோது அடைப்பதற்கு மணல் மூட்டைகளை மலைபோல் அடுக்கினார்கள். ஆறு உடைப்பெடுக்கும் இடத்தில் எல்லாம் செய்வதுதான். வேறு வழியும் கிடையாது. ஆனால் அந்தச் சாக்கு நெய்த பாலிப்ரொப்பிலீன். வெயிலில் ஓராண்டு, ஈராண்டு கிடந்தால் தொட்டாலே உதிரும்.

இரண்டாவது வெள்ளம் ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையில். மேட்டூருக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் தெருக்களில் பெய்த மழை வடிகால் வழியாக அரசலாறு, வெட்டாறு, கடுவையாற்றுக்குப் போகிறது. அதுவரை கடைமடைக் கதவணைகள் உப்பு நீர் ஏறாமல் இருக்க மூடிக் கிடக்கும். பூம்புகாருக்குச் சற்று மேலே மேலையூரில் இருப்பதும் அப்படி ஒரு கடைசிக் கதவணைதான். மூடிய கதவுக்குப் பின்னால் ஆகாயத்தாமரை மண்டும். அதன் வேர்க்கற்றையில் பால் பாக்கெட், குட்கா உறை, தெர்மாகோல் உருண்டை எல்லாம் சிக்கி ஒரே மெத்தையாகக் கிடக்கும். மழை வலுத்துக் கதவு தூக்கப்படும் அன்று மாதக்கணக்கில் சேர்ந்தது சில மணி நேரத்தில் கடலுக்குப் போகிறது.

இதில் கவனிக்க வேண்டியது கடலின் திசை. தென்மேற்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. அப்படியென்றால் ஆடி வெள்ளத்தில் கொள்ளிடம் கொட்டும் ஈரோட்டுச் சரக்கு பிச்சாவரம், பரங்கிப்பேட்டை, கடலூர் பக்கம் போகும். ஐப்பசியில் நாகூரிலும் நாகையிலும் கொட்டுவது வேளாங்கண்ணியைத் தாண்டிக் கோடியக்கரைக்கு இறங்கும். ஜனவரியில் கோடியக்கரையில் மண் எடுத்துவிட்டு 'காவிரி கொண்டுவந்த பிளாஸ்டிக்' என்று எழுதினால், அது பெரும்பாலும் திருவாரூர், நாகை மாவட்டங்கள் கொண்டுவந்தது என்றுதான் நான் வாசிப்பேன். தமிழகக் கரையில் 25 கடற்கரைகளில் மண் எடுத்து 2018இல் வெளியான ஆய்வொன்று, ஆற்று வாய்களை ஒட்டிய கரைகளில்தான் நுண்பிளாஸ்டிக் கூடுதல், சுற்றுலாவும் மீன்பிடிப்பும் உள்ள கரைகள் அதற்கு அடுத்துத்தான் என்று கண்டது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த ஆறு, எந்தப் பருவம் என்பதே டெல்டாவில் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி.

விடை கண்டுபிடிக்க ஆய்வகத்துக்குப் போகும் முன்பே கரையில் ஒரு சாட்சி கிடைக்கும். மழை முடிந்த வாரத்தில் அலைக்கோட்டில் கிடக்கும் குப்பையைக் கிளறுங்கள். காய்ந்து கருத்த ஆகாயத்தாமரைத் தண்டும் வைக்கோலும் இருந்தால் அந்த வரி ஆற்றிலிருந்து வந்தது. அந்தச் செடி கடல் நீரில் பிழைக்காது, அங்கே முளைத்திருக்க வழியில்லை. நாடாபோன்ற கடற்புல் கற்றையாகக் கிடந்தால் கடல் கொண்டுவந்து போட்டது. இரண்டும் இல்லாமல் வெறும் மணலில் பச்சையும் நீலமுமாக நூல் துணுக்கு கிடந்தால் ஊர்க்காரர்களே போட்டது. மாதிரி எடுக்கும் படிவத்தில் கூட வந்த செடி என்ன என்று ஒரு கட்டம் சேர்த்தால் செலவில்லாமல் பாதி வேலை முடியும்.

கரையிலேயே பிறப்பது

மூன்றாவது வரவுக்கு ஆறே தேவையில்லை. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், பழையாறு, தரங்கம்பாடி, ஆற்காட்டுத்துறை என்று எந்த மீனவ ஊரிலும் வலை பின்னும் கூடத்துக்குப் பக்கத்து மணலைக் கை நிறைய அள்ளிப் பாருங்கள். கிழிந்த கண்ணை வெட்டி எறிந்த நைலான் துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் முடிச்சோடு, நகக்கண் அளவு. தங்கூசி, அதாவது ஒற்றை நைலான் இழையில் பின்னிய வலையின் துண்டு கண்ணாடிபோல நிறமற்றது; மணலில் கண்ணுக்கே தெரியாது, விரலில் குத்தினால்தான் தெரியும். பருத்தி வலைக் காலத்தில் இதே பழக்கம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை, மட்கிப் போயிற்று. நைலான் வந்தபின் கத்தி மட்டும் பழைய இடத்திலேயே வெட்டிக்கொண்டிருக்கிறது.

சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். கட்டுமரம் குறைந்து கண்ணாடியிழைப் படகு கரையை நிறைத்தது. அதை மராமத்து பார்க்கும்போது தேய்ப்பார்கள், அறுப்பார்கள். வெள்ளைப் பொடி பறக்கும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வலை சீர்செய்வது, பெயின்ட் சுரண்டுவது, புது பூச்சு என்று எல்லா வேலையும் அந்த இரண்டு மாதத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கும். ஆக மூன்றாவது வரவுக்கும் ஒரு பருவம் உண்டு. அது ஆறு வறண்டு கிடக்கும் சித்திரை, வைகாசி. கோடையில் மட்டும் மாதிரி எடுத்த ஆய்வாளர் மீனவர்மேல் பழி போடுவார். கார்த்திகையில் எடுத்தவர் நகராட்சிமேல் போடுவார். இருவர் சொல்வதும் பாதி சரி.

அப்புறம் துணி. திருநள்ளாறு நளதீர்த்தத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஐப்பசியில் மயிலாடுதுறை துலாக்கட்டத்திலும், ஆடி, தை அமாவாசைக்குப் பூம்புகாரிலும் இதையே பார்க்கலாம். குளத்தில் விட்டதை ஆள் வைத்து அள்ளிவிடலாம். ஆற்றில் விட்டது போனது போனதுதான். பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்த துணி. அது இழை இழையாகப் பிரியும். ஓர் இழையின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரு பங்கு.

கப்பல் விபத்து பற்றியும் கேட்பார்கள். 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்தும், 2025 மே 25 அன்று கேரளக் கடலில் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலிலிருந்தும் பிளாஸ்டிக் குருணைகள் கொட்டின. பின்னது கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கியது. குருணை வெள்ளையாக, உருண்டையாக, ஒரே அளவில் இருக்கும். பார்த்தவுடன் தெரியும், படமும் நன்றாக வரும். அதனாலேயே செய்தியாகிறது. டெல்டா கரையின் அன்றாடக் கணக்கில் அதைவிடச் சாக்கும் வலையும்தான் பெரிய புள்ளிகள் என்பது என் கணிப்பு.

உப்புக் கரைசலில் மிதக்காதவை

மண்ணிலிருந்து பிளாஸ்டிக்கைப் பிரிப்பது கேட்க எளிது. காய்ந்த மண்ணை அடர்ந்த உப்புக் கரைசலில் கலக்கி விட்டால் மணல் அடியில் இறங்கும், பிளாஸ்டிக் மேலே மிதக்கும், வடிகட்டி எடுக்கலாம். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், சாப்பாட்டு உப்பை எவ்வளவு கரைத்தாலும் கரைசலின் அடர்த்தி 1.2 அளவில் நின்றுவிடும். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் 1க்குக் கீழே, நைலான் 1.14 அளவில், இவை மிதக்கும். பாலியெஸ்டர் 1.38. பி.வி.சி.யும் அதே அளவில். கண்ணாடியிழைப் பொடி அதற்கும் மேலே. இவை மணலோடு கீழே போய்விடும்.

அதாவது மலிவான முறையில் அளந்தால் சாக்கும் வலையும் கணக்கில் வரும். துலாக்கட்டத்துத் துணியும் படகுப் பொடியும் வரவே வராது. 'பாலியெஸ்டர் காணப்படவில்லை' என்ற முடிவைப் படித்தால் முதலில் எந்த உப்பு என்று கேட்க வேண்டும். துத்தநாகக் குளோரைடு கரைசலில் 1.5க்கு மேல் போகலாம். ஆனால் விலை அதிகம், கழிவும் நஞ்சு. கல்லூரி ஆய்வகங்கள் சாப்பாட்டு உப்பில் நிற்பதில் வியப்பில்லை. அந்த உப்பையும் வடிகட்டித்தான் பயன்படுத்த வேண்டும், ஏனென்றால் கடலுப்பிலேயே நுண்பிளாஸ்டிக் இருப்பதை இந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேதாரண்யம் உப்பை வாங்கிக் கரைத்து வேதாரண்யம் மண்ணைச் சோதித்தால் எது எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

அலையாத்திச் சேற்றில் இன்னொரு தொல்லை. அதில் பாதி வேர்த்தூளும் மட்கிய இலையும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி அவற்றை எரித்துவிட்ட பிறகும் மிஞ்சும் வேர் மயிர், நுண்ணோக்கியில் துணி இழைபோலவே தெரியும். மணற்கரையில் சிவந்த கார்னெட் கனிமத் துகள் சிவப்பு பிளாஸ்டிக்போல ஏமாற்றும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் தொட்டால் பிளாஸ்டிக் சுருண்டு இளகும்; கார்னெட்டும் சிப்பியும் அசையாது, வேர் கருகும். கடைசி வார்த்தை, துகள்மேல் ஒளியைப் பாய்ச்சி அது என்ன பொருள் என்று சொல்லும் எஃப்.டி.ஐ.ஆர். அல்லது ராமன் கருவியுடையது. அது வரை போக வசதியில்லாதவர்கள் ஊசியையாவது தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். மாதிரியைத் திறந்து வைத்த அறையில் மின்விசிறி ஓடினால் போச்சு; அளந்தவரின் சட்டை இழையும் காவிரிக் கணக்கில் சேர்ந்துவிடும். வெறும் வடிதாளைப் பக்கத்தில் வைத்து அதில் விழுந்ததைக் கழிக்காத ஆய்வை நான் இழைக் கணக்குக்கு நம்புவதில்லை.

எண்ணிக்கையே ஒரு பொறி என்பதற்குச் சின்னக் கணக்கு. 100 கிராம் எடையுள்ள பாலிப்ரொப்பிலீன் சாக்கு ஒன்று. பட்டையின் தடிமன் 0.05 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அது 5 மி.மீ. சதுரத் துண்டுகளாக உடைந்தால் சுமார் 89 ஆயிரம் துகள். 1 மி.மீ. சதுரங்களாக உடைந்தால் சுமார் 22 லட்சம். அதே சாக்கு, அதே எடை, துகள் மட்டும் 25 மடங்கு. பழைய குப்பை உடைய உடைய எண் ஏறும்; புதிதாக ஒரு கிராம்கூட வந்திருக்க வேண்டியதில்லை. வகுக்கும் எண்ணிலும் கோளாறு. 1934இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்தும், அதற்குமேல் கர்நாடகத்தில் அணைகள் எழுந்ததிலிருந்தும் காவிரி கொண்டுவரும் வண்டல் சுருங்கிவிட்டது. கொள்ளிடத்து மணலும் லாரியில் போயிற்று. வண்டல் குறைந்தால், பிளாஸ்டிக் கூடாமலேயே 'கிலோவுக்கு இத்தனை' என்பது கூடும். எடையையும் அளவு வகையையும் சேர்த்துத் தராத அட்டவணையால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

சேற்றில் இருக்கும் இரண்டு தேதி

மேல்மண் இன்றைய நிலையைச் சொல்லும். எப்போதிலிருந்து சேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் குழாயை இறக்கி ஆழத்து மண்ணை உருளையாக எடுக்க வேண்டும். அதன் வயதை அறிய ஈயம்-210 போன்ற கதிரியக்க முறைகள் உண்டு. டெல்டாவில் அதைவிட நேரடியான இரண்டு குறிகள் மண்ணிலேயே கிடக்கின்றன.

2004 டிசம்பர் 26 சுனாமி, நாகைக் கரையின் பின்புறச் சேற்று நிலங்களில் கடல் மணலைப் பாய்போல் விரித்துவிட்டுப் போனது. கறுத்த சேற்றுக்கு நடுவே வெளிர்மணல் அடுக்கு. அதற்கு மேலே உள்ள பிளாஸ்டிக் எல்லாம் சுனாமிக்குப் பிந்தியது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் அதற்கு நேர்மாறாகச் செய்தது: வேதாரண்யம் மணற்கரைமேல் கடலடிச் சேற்றைக் கொண்டுவந்து அப்பியது. ஒரு பக்கம் சேற்றில் மணல், மறுபக்கம் மணலில் சேறு. இந்த இரண்டு அடுக்குக்கும் இடைப்பட்ட பதினான்கு ஆண்டுப் படிவில் என்ன வகை பிளாஸ்டிக் எந்த வரிசையில் வருகிறது என்று பார்த்தால், ஃபைபர் படகு பெருகியதும் உறைப் பாக்கெட் பெருகியதும் மண்ணில் எப்படிப் பதிந்திருக்கின்றன என்று படிக்கலாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடை. அது வேலை செய்ததா என்பதற்கும் கஜா அடுக்குக்கு மேலே உள்ள மண்தான் சாட்சி. ஒரு எச்சரிக்கை: நண்டு வளை தோண்டும் இடத்தில் மேல்மண் கீழே போகும், கீழ்மண் மேலே வரும். வளை இல்லாத, அடுக்கு கலையாத இடமாகத் தேடித்தான் குழாயை இறக்க வேண்டும்.

இந்தச் சேற்றில்தான் முத்துப்பேட்டைக்காரர்கள் இறாலும் நண்டும் பிடிக்கிறார்கள். 2002இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த கோடியக்கரைச் சதுப்பில் பூநாரை இதே சேற்றுநீரை அலகால் வடிகட்டித் தின்கிறது. எதை எவ்வளவு தின்றால் என்ன கேடு என்பதைப் படிவுக் கணக்கிலிருந்து மட்டும் சொல்லிவிட முடியாது; அது உயிரினங்களை வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டிய வேலை.

எங்கே பிடிக்கலாம்

அலையாத்திச் சேற்றில் படிந்ததை எடுக்க முடியாது. எடுக்கப் போனால் வேர் போகும், நண்டு போகும். சேற்றுக்கு வருமுன் பிடிக்க இரண்டு மூன்று இடம்தான் உண்டு, அவை ஏற்கெனவே யாரோ ஒருவர் பொறுப்பில் இருப்பவை.

ஒன்று கதவணை. ஐப்பசி மழைக்கு முன் ஆகாயத்தாமரையை எடுக்கிறோம் என்று வெட்டிக் கீழே தள்ளிவிடுவது பல இடத்தில் வழக்கம். அதைக் கரையேற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் பிரித்தால் அதில் சிக்கிய பிளாஸ்டிக் கடலுக்குப் போகாது. பொக்லைன் அங்கே எப்படியும் நிற்கிறது. கூடுதல் செலவு லாரி வாடகை. ஜூன் 12 மேட்டூர் திறப்பை எதிர்பார்த்து நடக்கும் தூர்வாரலிலும் இதே கதை. வாய்க்காலில் அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவிக்கிறார்கள். வெட்டிய மண்ணின் பக்கவாட்டில் பாலித்தீன் பை அடுக்கடுக்காகத் துருத்திக்கொண்டு நிற்பதைச் சைக்கிளில் போகிறவர்கூடப் பார்க்கலாம். முதல் மழைக்கு அது சரிந்து திரும்ப வாய்க்காலுக்கே வருகிறது. தூர்வாரும் ஒப்பந்தத்தில் மண்ணுக்குக் கன மீட்டர் கணக்கு இருப்பதுபோல் பிளாஸ்டிக்குக்கும் எடைக் கணக்கு ஒன்று சேர்க்கலாம்.

இன்னொன்று வலைக்கூடம். 2019 தடைப் பட்டியலில் வலையும் இல்லை, கயிறும் இல்லை, சாக்கும் இல்லை. வலையைத் தடை செய்யச் சொல்பவர் மீன் தின்னாதவராகத்தான் இருப்பார். கேட்பது வெட்டிய துண்டுக்கு ஒரு பெட்டி. சென்னை காசிமேட்டில் பழைய வலையைக் காசு கொடுத்து வாங்கும் ஏற்பாட்டை அரசு தொடங்கியது. பழையாற்றிலும் நாகையிலும் அதைச் செய்தால், முழு வலையோடு துண்டு நைலானுக்கும் எடைக்கு விலை வைக்க வேண்டும். தங்கூசித் துண்டு லேசு, கிலோ சேர நாளாகும், தனியாள் சேர்க்க மாட்டார். ஊர்ப் பஞ்சாயத்தார் பொறுப்பில் கூடத்துக்கு ஒரு பெட்டி வைத்து, தடைக்காலம் முடியும் ஜூன் நடுவில் ஒரே தடவையாக எடைபோட்டு எடுத்துப் போனால் நடக்கும். அந்த எடையை ஆண்டுதோறும் குறித்து வைத்தால், பக்கத்து மணலில் நைலான் குறைகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முதல் கணக்கும் கையில் இருக்கும்.